கேமின் அட்டைப்படத்தை மிகச் சிறிய அளவிலிருந்து வரையத் தொடங்குங்கள்

வீடியோ கேம் உருவாக்கும் சிறு குழுக்கள் கேமுக்காக ஆண்டுக்கணக்கில் உழைக்கின்றன. ஆனால் இணையக் கடையில் அந்தக் கேமுக்கு முகமாக நிற்கப்போகும் அட்டைப்படத்தை மட்டும் கடைசி வாரத்தில் அவசரமாக முடித்து ஏற்றிவிடுவதைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். இது எனக்கு வருத்தம் தருகிறது. அந்தக் கேமைப் பற்றி இதுவரை கேள்விப்படாத ஒருவருக்குப் போய்ச் சேரும் முதல் செய்தி அந்தப் படம்தான். பெரும்பாலோருக்கு அதுவே கடைசிச் செய்தியாகவும் ஆகிவிடுகிறது. கணினிக் கேம்களை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் 2024ஆம் ஆண்டில் மட்டும் 18,000க்கும் மேற்பட்ட கேம்கள் வெளியாயின. அவை ஒவ்வொன்றின் ட்ரெய்லரையும் விளக்கத்தையும் யாரும் வரிசையாகப் பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை. வாங்க வந்தவர் பட்டியலை மேலிருந்து கீழாகத் தள்ளிக்கொண்டே போகிறார். கண் எங்கே நிற்கிறதோ அங்கே மட்டும் அழுத்துகிறார்.

அந்தக் கணத்தில் அட்டைப்படம் இரண்டே கேள்விகளுக்கு விடை சொல்லியாக வேண்டும். இந்தக் கேமின் பெயர் என்ன? இதை விளையாடினால் நான் என்ன செய்துகொண்டிருப்பேன்? படத்தின் அழகு, ஓவியரின் திறமை, கதையின் ஆழம் ஆகியவையெல்லாம் இவ்விரண்டுக்கும் பிறகுதான் வருகின்றன. கடை காட்டக்கூடிய மிகச் சிறிய அளவிலும் இந்த விடைகள் கிடைத்தாக வேண்டும் என்பதால், வேலையை அந்தச் சிறிய அளவிலிருந்தே தொடங்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். பெரிய திரையில் மணிக்கணக்காக ஓவியம் தீட்டிவிட்டு, முடிவில் அதைச் சுருக்கிப் பார்த்து, எழுத்து தெரியவில்லை, முகம் தெரியவில்லை என்று திகைக்கும் முறையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதே இந்தப் பதிவின் கருத்து.

எண்களோடு பார்த்தால் இது தெளிவாகும். கடைக்குள் பல இடங்களில் தோன்றும் இந்தப் படங்களை ஸ்டீம் ‘கேப்சூல்’ என்று அழைக்கிறது. அவற்றில் சிறிய கேப்சூலை இப்போது 462×174 பிக்சல் அளவில் கேட்கிறார்கள். முன்பு இது 231×87 ஆக இருந்தது. ஆனால் நாம் ஏற்றும் அளவும் வாங்குபவர் பார்க்கும் அளவும் ஒன்றல்ல. ஸ்டீம் அதே படத்தைத் தானாகவே சுருக்கி 184×69, 120×45 ஆகிய அளவுகளிலும் பயன்படுத்துகிறது. தேடல் முடிவுகளிலும் விற்பனைப் பட்டியல்களிலும் பெரும்பாலானோர் நம் கேமைச் சந்திப்பது இந்த வகைச் சிறு படங்களின் வழியாகத்தான். 45 பிக்சல் உயரத்தில் பெயரை இரண்டு வரியாக எழுதினால், மேலும் கீழும் இடைவெளி விட்டபின் ஒரு வரிக்கு 20 பிக்சல்கூட மிஞ்சாது. இருபது எழுத்துகள் கொண்ட பெயரை ஒரே வரியில் எழுதினால், ஓர் எழுத்துக்கு 6 பிக்சல் அகலமே கிடைக்கும். அந்த 6 பிக்சலுக்குள் கொடி சுற்றிய எழுத்தோ உடைந்த கல் போன்ற எழுத்தோ என்ன ஆகும் என்பதை ஓவியம் தொடங்குவதற்கு முன்பே கணக்கிட்டுவிட முடியும். அதனால்தான் சிறிய கேப்சூலை ஏறக்குறைய முழுவதும் லோகோவே, அதாவது வடிவமைத்து எழுதிய கேமின் பெயரே, நிரப்ப வேண்டும் என்று ஸ்டீம் தன் வழிகாட்டுதலிலேயே சொல்லியிருக்கிறது. பலரும் அதைப் படிக்காமல் பெரிய படத்தை அப்படியே சுருக்கி ஏற்றுகிறார்கள். விளைவாக மூலையில் தூசி போல ஒரு பெயரும் நடுவில் அடையாளம் தெரியாத ஓர் உருவமும் மட்டுமே எஞ்சுகின்றன.

மற்ற அளவுகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. கேமின் பக்கத்தில் மேலே நிற்கும் ஹெடர் கேப்சூல் 920×430, முகப்புப் பக்கத்தில் பெரிதாக வரும் முதன்மைக் கேப்சூல் 1232×706, செங்குத்துக் கேப்சூல் 748×896, வாங்கியவரின் நூலகத்தில் (அவர் வாங்கிய கேம்களின் பட்டியலில்) வரும் படம் 600×900. முதல் இரண்டும் கிடைமட்டமானவை என்றாலும் ஒன்றின் விகிதம் மற்றதற்குப் பொருந்தாது. அடுத்த இரண்டும் நின்ற வாக்கில் அமைந்தவை. ஒரே ஓவியத்தை நான்கு விதமாக வெட்டினால், ஒன்றில் வாளின் நுனி போய்விடும். இன்னொன்றில் நாயகியின் தலை மேல்விளிம்பில் இடிக்கும். மூன்றாவதில் லோகோவுக்கு இடமே இருக்காது. ஆகவே முதல் நாளிலிருந்தே உருவம், பின்னணி, லோகோ, ஒளிப்புகை போன்ற விளைவுகள் ஆகியவற்றைத் தனித்தனி அடுக்குகளாக வைத்து, பின்னணியை நான்கு பக்கமும் தேவைக்கு மேல் நீட்டித் தீட்டி, ஒவ்வோர் அளவுக்கும் அந்த உறுப்புகளைப் புதிதாக அடுக்கி அமைக்க வேண்டும். இதைச் சற்றுக் கூடுதல் வேலை என்று கருதாமல், வேலையின் பாதியே இதுதான் என்று எடுத்துக்கொள்வது நல்லது. நூலகப் பக்கத்தின் உச்சியில் அகலமாக விரியும் 3840×1240 படத்தில் எழுத்தோ லோகோவோ இருக்கவே கூடாது. திரையின் அளவுக்கேற்ப ஓரங்கள் வெட்டுப்படும் என்பதால், முக்கியமானவை எல்லாம் நடுவிலுள்ள 860×380 பகுதிக்குள் அடங்க வேண்டும். அந்த ஒரு படத்தில் மட்டும் ஓவியர் விரும்பிய அளவுக்கு மூச்சுவிடலாம், ஏனென்றால் அதைப் பார்ப்பவர் ஏற்கெனவே கேமை வாங்கிவிட்டவர்.

சிறிய அளவிலிருந்து தொடங்குவது நடைமுறையில் எப்படி என்று சொல்கிறேன். முதல் ஓவியத் திட்டங்களை வண்ணமே இல்லாமல், கருமை, நடுத்தரச் சாம்பல், வெண்மை ஆகிய மூன்றே தொனிகளில், கட்டைவிரல் அளவுக்குள் வரைய வேண்டும். அந்த அளவில் முகபாவம் வரைய முடியாது, உடையின் மடிப்பு வரைய முடியாது. எங்கே வெளிச்சம், எங்கே இருட்டு, உருவத்தின் வெளிக்கோடு எப்படி இருக்கிறது என்பதை மட்டுமே தீர்மானிக்க முடியும். தீர்மானிக்க வேண்டியதும் அது மட்டுமே. மனிதக் கண் ஒரு படத்தை முதலில் வெளிச்ச வேறுபாட்டால் பிரித்தறிகிறது, வண்ணத்தின் பெயர் அதற்குப் பிறகுதான் உதவுகிறது. சிவப்புக் கோட்டணிந்த வீரன் பச்சைக் காட்டின் முன் நிற்கும் படம் வண்ணத்தில் பளிச்சென்று தோன்றினாலும், இரண்டின் தொனியும் ஒன்றாக இருந்தால், வண்ணத்தை நீக்கியதும் வீரன் காட்டுக்குள் கரைந்துவிடுவான். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பு பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது என்பதையும் இதோடு சேர்த்து நினைத்துப் பார்த்தால், தொனியை முதலில் தீர்த்துக்கொள்வதன் அவசியம் விளங்கும். கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது ஓவியர்களின் பழைய பழக்கம். படத்தைச் சாம்பல் நிறத்துக்கு மாற்றி மங்கலாக்கிப் பார்ப்பது அதன் இன்றைய வடிவம். இரண்டையும் ஒவ்வொரு கட்டத்திலும் செய்யலாம்.

அடுத்தது, படம் எதன்மேல் ஒட்டப்படப் போகிறது என்ற கேள்வி. ஓவியர் வெள்ளைப் பின்புலத்திலோ நடுத்தரச் சாம்பலிலோ வேலை செய்கிறார். ஸ்டீம் கடையின் பின்புலம் கருநீலம். விளிம்பு வரை இருட்டாகத் தீட்டிய திகில் கேமின் அட்டைப்படம் அந்தக் கருநீலத்தில் எங்கே முடிகிறது என்றே தெரியாமல், தன் அளவில் பாதியை இழந்துவிடும். திகில் கேமுக்கு இருட்டு வேண்டும்தான்; ஆனால் அந்த இருட்டுக்கு நடுவே ஒரு கதவிடுக்கின் ஒளியோ, நோய்ப்பட்ட மஞ்சளில் ஒரு சாளரமோ, விளிம்பைத் தொடும் ஏதாவதொரு வெளிச்சமோ இருந்தாக வேண்டும். தனியாகத் திறந்து பார்த்தால் எல்லாப் படமும் நன்றாகத்தான் இருக்கும். ஆகவே கடையின் தேடல் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, நம் கேமின் வகையைச் சேர்ந்த பிற கேம்களுக்கு நடுவே நம் படத்தை ஒட்டிப் பார்ப்பதே நான் முழுமையாக நம்பும் சோதனை. ஒரு குறிப்பிட்ட வகையின் பட்டியலைத் திறந்தால், பத்துப் படங்களில் பெரும்பாலானவை ஒரே நீல ஊதாவிலும் ஆரஞ்சிலும் இருப்பதைக் காணலாம். அந்த நடுவில் வெளிறிய மஞ்சளோ தூய வெள்ளையோ கொண்ட படம் எந்த முயற்சியும் இன்றித் தனித்து நிற்கும். அதே மஞ்சளை நிறைய மஞ்சள் உள்ள இன்னொரு வகையில் வைத்தால் ஒன்றுமே நடக்காது. எந்த நிறமும் தனியாக நின்று கண்ணை இழுப்பதில்லை, அக்கம்பக்கத்து நிறங்களே அதற்கு அந்த வலிமையைத் தருகின்றன.

இனி இரண்டாவது கேள்வி: இதை விளையாடினால் நான் என்ன செய்வேன்? அட்டைப்படக் கலையின் கடினமான பகுதி இதுதான், பெரும்பாலான குழுக்கள் தடுமாறுவதும் இங்கேதான். கேமை உருவாக்கியவருக்கு அதன் கதைமாந்தர் மீது பாசம் இருக்கும். அவர்களின் கடந்த காலம், அவர்கள் வாழும் நகரம், அவர்களை வாட்டும் துயரம் எல்லாம் தெரியும். எனவே அட்டைப்படத்தில் அந்த மனிதர்களை நிறுத்தி, தூரத்து நகரத்தைப் பார்க்கவைத்து, மாலை வெயிலில் தீட்டச் சொல்கிறார். வாங்க வந்தவருக்கு அந்தப் பாசம் கிடையாது. அவர் பார்ப்பது, யாரோ ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு மலைமுகட்டில் நிற்பதை மட்டும்தான். அது சீட்டுக்கட்டு கேமா, நகர நிர்மாண கேமா, சண்டையா, புதிரா? அந்தப் படம் இவற்றில் எதற்கும் பொருந்தும், ஆகவே எதையும் சொல்வதில்லை.

வினைச்சொல்லைத் தேடச் சொல்வேன். கேமில் விளையாடுபவர் ஓடுகிறாரா, கட்டுகிறாரா, பயிரிடுகிறாரா, ஒளிகிறாரா, சீட்டுகளை அடுக்குகிறாரா என்பதை ஒரே வினையில் சொல்லிவிட்டு, அந்த வினையோ அதன் கருவியோ படத்தில் தெரிகிறதா என்று கேட்க வேண்டும். 2024இல் வெளியான ‘பலாட்ரோ’ சீட்டாட்டத்தை அடிப்படையாகக் கொண்டது. அதன் அட்டைப்படத்தில் சிவப்பும் நீலமும் சுழலும் பின்னணியின் மேல் பெயர் பெரிதாக இருக்கிறது, கூடவே ஒரு ஜோக்கர் சீட்டு. சீட்டு என்பதால் விளையாட்டு எத்தகையது என்று தெரிந்துவிடுகிறது; அந்தச் சுழலும் ஜோக்கரும், இது வழக்கமான சீட்டாட்டம் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகின்றன. 2017இல் வந்த ‘ஹாலோ நைட்’ வேறொரு வழியில் போகிறது: கருநீல இருட்டு, நடுவில் கொம்பு வைத்த வெண்ணிற முகமூடி அணிந்த சிறு உருவம், கையில் வாளாகப் பயன்படும் ஆணி. எந்த அளவுக்குச் சுருக்கினாலும் அந்த வெண்முகத்தின் வெளிக்கோடு அழிவதில்லை. ஆயுதமேந்திய ஒரு சிறிய உயிர் பெரிய இருட்டுக்குள் இறங்குகிறது என்ற செய்தியும் அழிவதில்லை. 2010இல் வெளியான ‘லிம்போ’ வண்ணத்தையே துறந்து, பனிமூட்டமான காட்டில் கரிய நிழலுருவாக ஒரு சிறுவனை நிறுத்தியது. உள்ளே விளையாடும்போது பார்ப்பதும் அதேதான் என்பதால், படத்துக்கும் கேமுக்கும் இடையே இழை அளவு இடைவெளியும் இல்லை.

கேமின் காட்சியை எந்தக் கோணத்தில் பார்த்து விளையாடுகிறோம் என்பதும் ஒரு செய்தி. மேலிருந்து பார்க்கும் உத்தி கேமின் அட்டைப்படத்தில் ஒரு தளபதியின் முகத்தை மட்டும் பெரிதாக வைத்தால், பார்ப்பவர் அதை அந்தத் தளபதியாகவே ஓடிச் சுடும் கேம் என்று எண்ணிக்கொள்ளலாம். அவரைப் பின்னால் நகர்த்தி, முன்னே சாய்கோணத்தில் அறுகோணக் கட்டங்களும் படைகளும் தெரியுமாறு வைத்தால் குழப்பம் தீர்ந்துவிடும். இத்தகைய சிறு மாற்றங்களுக்கு ஓவியத்திறன் பெரிதாகத் தேவையில்லை; கேமை நன்கு விளையாடிப் பார்த்த ஓவியர் வேண்டும் என்பதே தேவை. கேமை விளையாடிப் பார்க்காமல், எழுதித் தந்த விளக்கத்தை மட்டும் படித்து வரைந்த அட்டைப்படங்களைப் பெரும்பாலும் பார்த்தவுடனே சொல்லிவிடலாம் என்பது என் எண்ணம்.

இங்கே வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பது பயன்தரும். 1977இல் அட்டாரியின் வீட்டு விளையாட்டுக் கருவி வந்தபோது திரையில் தெரிந்தவை சில கட்டங்களும் கோடுகளும் மட்டுமே. கிளிஃப் ஸ்போன் போன்ற ஓவியர்கள் அந்தக் கருவிக்கான கேம்களின் பெட்டிகளுக்கு விமானங்களும் பீரங்கிகளும் பாயும் உயிரோட்டமான ஓவியங்களைத் தீட்டினார்கள். திரை காட்ட முடியாததைப் பெட்டி காட்டியது. விளையாடுபவர் அந்த ஓவியத்தை மனத்தில் வைத்துக்கொண்டு கட்டங்களை விமானங்களாகக் கற்பனை செய்துகொண்டார். அந்தக் காலத்துக்கு அது நேர்மையான உடன்பாடுதான். 1987இல் ஜப்பானில் ‘ராக்மேன்’ என்ற பெயரில் வந்த கேம் வட அமெரிக்காவில் ‘மெகா மேன்’ ஆனபோது, அதன் பெட்டியில் நீலமும் மஞ்சளுமான உடையில் கைத்துப்பாக்கி ஏந்திய ஒரு நடுவயது மனிதர் நின்றார். கேமிலோ கையே பீரங்கியாக மாறும் ஒரு சிறுவன் வடிவ ரோபோ. இன்றும் மோசமான அட்டைப்படங்களைப் பற்றிப் பேசுவோர் அதைத்தான் முதலில் குறிப்பிடுகிறார்கள். ஓவியம் சுமாராக இருப்பதைவிட, கேமுக்குள் இல்லாத ஒரு மனிதரை அது காட்டியதே எனக்குப் பெரிய குறையாகத் தோன்றுகிறது.

இன்று நிலைமை இன்னும் கடுமையானது. அட்டைப்படத்தை அழுத்திய மறுகணமே ட்ரெய்லரும் ஸ்க்ரீன்ஷாட்டுகளும் அருகில் வந்து நிற்கின்றன. பிக்சல் ஓவியத்தில் அமைந்த கேமுக்கு, எண்ணெய் வண்ண ஓவியம் போன்ற செறிவான அட்டைப்படம் வைக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். வைக்கலாம், பல நல்ல கேம்கள் வைத்திருக்கின்றன. ஆனால் உருவங்களின் விகிதம், வண்ணத் தொகுப்பு, மனநிலை ஆகிய மூன்றும் கேமில் உள்ளவையாகவே இருக்க வேண்டும். கேமில் பெரிய தலையும் குட்டை உடலுமாக இருக்கும் நாயகியை அட்டைப்படத்தில் நெடிய உருவமாக மாற்றி, மென்பச்சை உலகைக் குருதிச் சிவப்பாக மாற்றினால், உள்ளே வந்தவர் ஸ்க்ரீன்ஷாட்டைப் பார்த்ததும் வெளியேறுவார். ஏமாற்றப்பட்டோம் என்ற எண்ணத்தோடு வெளியேறுவார் என்பதுதான் அதைவிட வருத்தமானது. அதே நேரத்தில், மென்பச்சையையும் சிறு உருவத்தையும் விரும்பக்கூடிய மனிதர் அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு, நமக்கானதல்ல என்று தள்ளிக்கொண்டு போயிருப்பார். தவறான வாக்குறுதியால் நமக்கு இரண்டு பக்கமும் இழப்பு.

அளவு மாறினால் நல்ல ஓவியத்தின் கதியும் மாறும் என்பதற்கு 2001இல் வெளியான ‘ஈகோ’ எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு. அதன் இயக்குநர் ஃபுமிதோ உவேதா, இத்தாலிய ஓவியர் ஜார்ஜோ தெ கிரிகோவின் பாணியைத் தழுவித் தாமே தீட்டிய ஓவியம் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் அட்டையாக வந்தது: வெயில் காயும் வெட்டவெளி, நீண்ட நிழல்கள், பெரிய கட்டடங்கள், அவற்றின் நடுவே ஓடும் இரண்டு மிகச் சிறிய உருவங்கள். வட அமெரிக்கப் பதிப்பு சிறுவனைப் பெரிதாகக் காட்டும் வேறு படத்தைப் பயன்படுத்தியது. ரசனையுள்ளோர் ஏறக்குறைய அனைவரும் முதலாவதையே போற்றுகிறார்கள், நானும் அப்படியே. ஆயினும் அந்த ஓவியம் கையில் எடுத்துப் பார்க்கும் பெட்டிக்காக உருவானது. அதை 120×45க்குச் சுருக்கினால், தனிமையின் முழுச் சுமையையும் தாங்கும் அந்த இரண்டு உருவங்களும் ஓரிரு பிக்சல்களாகிவிடும். இன்று அதே எண்ணத்தை வைத்துக்கொண்டு வரையும் ஓவியர், வெட்டவெளியின் பரப்பைச் செங்குத்துக் கேப்சூலுக்கும் நூலகத்துக்கும் வைத்துக்கொண்டு, சிறிய கேப்சூலில் வெயிலின் நிறத்தையும் பெயரையும் மட்டும் விட்டிருப்பார். பரந்த வெளியில் சிறிய மனிதன் என்ற கருவைக் கைவிடத் தேவையில்லை. அது பொருந்தும் அளவில் மட்டும் அதைப் பயன்படுத்தினால் போதும். 2016இல் வந்த ‘ஃபயர்வாட்ச்’ அடுக்கடுக்காகப் பின்வாங்கும் மலைகளையும் மரங்களையும் ஆரஞ்சு நிறத்தின் தொனிகளாலேயே பிரித்துக் காட்டியது. அங்கே நிலப்பரப்பே அடையாளமாகிவிட்டதால், மனித உருவம் கரைந்தாலும் ஆரஞ்சு அடுக்குகள் எஞ்சுகின்றன.

லோகோவைப் பற்றி இன்னும் சில சொல்ல வேண்டும். பெயர் எழுதும் எழுத்துரு கேமின் மனநிலையைச் சொல்ல வேண்டும் என்பது சரி, ஆனால் வாசிக்க முடிவது அதற்கு முந்தையது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே தொனி வேறுபாடு குறையும்போது பலர் எழுத்தைச் சுற்றித் தடித்த கோடு போடுகிறார்கள், பிறகு ஒளிவட்டம் சேர்க்கிறார்கள், பிறகு நிழலும் சேர்க்கிறார்கள். எழுத்துக்குப் பின்னால் உள்ள ஓவியத்தை அமைதிப்படுத்துவதே நேரான தீர்வு. அந்த இடத்தில் வானமோ மூடுபனியோ வெற்றுச் சுவரோ இருக்குமாறு முதல் திட்டத்திலேயே இடம் ஒதுக்கிவிட்டால், லோகோவுக்கு எந்த அலங்காரமும் தேவைப்படாது. பெயரில் முக்கியமான சொல்லைப் பெரிதாக்கி, இணைப்புச் சொற்களைச் சிறிதாக்கலாம். துணைத்தலைப்பு சிறிய கேப்சூலில் வாசிக்கப்படாது என்று ஏற்றுக்கொண்டு, அங்கே அதை நீக்கிவிடுவது நல்லது. தமிழில் பெயர் எழுதுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நம் எழுத்துகளில் இகர ஈகாரச் சுழிகளும் புள்ளியும் மேலே ஏறுகின்றன, உகர ஊகாரக் குறிகள் கீழே இறங்குகின்றன, ணகரமும் னகரமும் சுழிகளின் எண்ணிக்கையால் மட்டுமே வேறுபடுகின்றன. ஆகவே தடித்த எழுத்துருவில் சுழிகளின் உட்புறம் அடைபட்டு, இரண்டும் ஒரே கறுப்புக் கட்டியாகிவிடும். சுழிகளின் உட்புறத்தை வழக்கத்தைவிட அகலமாகத் திறந்து எழுதினால் சிறிய அளவிலும் அவை பிரிந்து நிற்கும்.

கடைகளின் விதிகள் ஒருவகையில் இந்தக் கலைக்கு உதவியிருக்கின்றன. 2022 செப்டம்பர் 1 முதல், ஸ்டீமின் கேப்சூல்களில் கேமின் ஓவியம், பெயர், அதிகாரபூர்வத் துணைத்தலைப்பு ஆகியவற்றைத் தவிர வேறெதையும் வைக்கக் கூடாது: விமர்சன மதிப்பெண்கள், விருதுச் சின்னங்கள், தள்ளுபடி அறிவிப்புகள், வேறு கேம்களுக்கான விளம்பரம் எதற்கும் இடமில்லை. பெரிய புதுப்பிப்பு ஒன்று வரும்போது அதைச் சொல்லும் படத்தைத் தற்காலிகமாக, அதிகபட்சம் ஒரு மாதம் வைத்துக்கொள்ளலாம். அப்போதும் அந்த வாசகம் கேம் ஆதரிக்கும் மொழிகளில் மொழிபெயர்க்கப்பட்டிருக்க வேண்டும். அந்த விதிக்கு முன்பு, நட்சத்திரங்களும் மேற்கோள்களும் ஒட்டிய படங்கள் பெயரையே மறைத்துக்கொண்டு நின்றன. இந்த விதியை நான் மனமார வரவேற்கிறேன், ஏனெனில் புகழுரை வாங்க வசதியில்லாத சிறு குழுவும் பெரிய நிறுவனமும் ஓவியத்தாலும் எழுத்தாலும் மட்டுமே போட்டியிட வேண்டியிருக்கிறது.

பிற கடைகளில் இதே சிந்தனையை வேறு அளவுகளில் பொருத்த வேண்டும். சிறு குழுக்களின் கேம்கள் நிறைய வெளியாகும் இட்ச்.ஐஓ கடை 630×500 அளவைப் பரிந்துரைக்கிறது, அசையும் ஜிஃப் படத்தையும் ஏற்கிறது. கேமின் ஒரு செயலை ஒரு நொடி அசைவாகக் காட்ட முடியும் என்பதால் வினைச்சொல்லைச் சொல்ல அது அருமையான வாய்ப்பு. கூகுள் பிளேயில் 512×512 ஐகானே அட்டைப்படத்தின் வேலையைச் செய்கிறது, பெயர் பக்கத்தில் தனியாக எழுதப்பட்டிருக்கும். எனவே ஐகானுக்குள் பெயரைத் திணிக்காமல், ஒரே முகத்தையோ ஒரே பொருளையோ விளிம்பு வரை பெரிதாக்குவது சரி.

படம் வேலை செய்கிறதா என்று எப்படி அறிவது? நண்பர்களிடம் காட்டி ‘நன்றாக இருக்கிறதா’ என்று கேட்பதால் பயனில்லை, அவர்கள் நன்றாக இருக்கிறது என்றே சொல்வார்கள். கேமைப் பற்றி எதுவும் தெரியாதவரிடம் படத்தைச் சிறிய அளவில் ஒரு நொடி காட்டி, மூடிவிட்டு, ‘பெயர் என்ன, இதில் என்ன செய்வார்கள் என்று நினைக்கிறீர்கள்’ என்று கேட்க வேண்டும். அவர் சொல்லும் விடை தவறாக இருந்தால், விளக்கம் தரத் தொடங்காமல் அந்தத் தவறைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் விளக்கம் கடையில் அவர் பக்கத்தில் நிற்கப்போவதில்லை. வெளியிட்ட பிறகு, ஸ்டீம் கேமை உருவாக்கியவரின் கணக்குப் பக்கத்தில் படம் எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்ற எண்களைத் தருகிறது. அவற்றை எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். தேடலில் பெயரைத் தட்டி வருபவர் படம் எப்படி இருந்தாலும் அழுத்துவார். விற்பனை விழாவின் நீண்ட பட்டியலில் கடந்துபோகிறவர் நல்ல படத்தையும் அழுத்தாமல் போவார். அதனால் படத்தை மாற்றினால், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரே வகையான இடத்திலிருந்து வந்த எண்களையே ஒப்பிட வேண்டும், அந்தக் காலத்தில் தள்ளுபடியோ நிகழ்ச்சியோ இருக்கக் கூடாது. கூகுள் பிளேயில் இரண்டு ஐகான்களை ஒரே நேரத்தில் வெவ்வேறு பயனர்களுக்குக் காட்டி ஒப்பிடும் வசதி கடைக்குள்ளேயே இருப்பதால், அங்கே வேலை எளிது. உள்ளே வருபவர் கூடி, விஷ்லிஸ்டில் (பிறகு வாங்குவதற்காகக் குறித்துவைக்கும் பட்டியலில்) சேர்ப்பவர் கூடாமலிருந்தால், படம் கேமில் இல்லாத ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஓவியரை அமர்த்தும் குழுக்களுக்கும் சில சொல்ல விரும்புகிறேன். கடைப் பக்கம் திறப்பதற்குப் பல வாரங்களுக்கு முன்பே அவரை அழையுங்கள், கேமின் விளையாடக்கூடிய பதிப்பைக் கொடுங்கள், உங்கள் கேமின் பக்கத்தில் நிற்கப்போகும் கேம்களின் பட்டியலைக் கொடுங்கள், அந்த ஒற்றை வினைச்சொல்லைக் கொடுங்கள். கதைச் சுருக்கத்தைக் கடைசியாகக் கொடுங்கள். முதல் கட்டத்தில் மூன்று தொனிகளில் அமைந்த சிறு திட்டங்களை மட்டும் கேளுங்கள். அவற்றில் ஒன்றைத் தேர்ந்தபின் அடிப்படை அமைப்பை மாற்றச் சொல்லாதீர்கள், அது ஓவியரின் உழைப்புக்குச் செய்யும் அவமரியாதை. படத்தைச் செயற்கை நுண்ணறிவுக் கருவியால் உருவாக்கலாமா என்று யோசிப்போர், 2024 ஜனவரி முதல் அத்தகைய பயன்பாட்டை ஸ்டீமுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதையும், அந்தத் தகவல் கடைப் பக்கத்தில் வாங்குபவர் கண்ணில் படும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். என் நிலைப்பாடு வெளிப்படையானது: கேமை விளையாடி, அதன் வினையைப் புரிந்துகொண்டு, எதை விட வேண்டும் என்று முடிவெடுக்கும் மனிதரே இந்த வேலைக்கு வேண்டும்.

ஒப்பந்தத்தில் மூன்று பொருள்களைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்: அடுக்குகள் பிரிந்த மூலக் கோப்பு, எழுத்தே இல்லாத சுத்தமான ஓவியம், வெளிப்படைப் பின்புலத்தில் தனியாக நிற்கும் லோகோ. நூலகத்தின் அகலப் படத்துக்கு இரண்டாவது வேண்டும். வேறு மொழியில் பெயர் வைக்கும் நாளில் முதலாவதும் மூன்றாவதும் வேண்டும். கடைகள் அளவுகளை மாற்றும்போது, ஸ்டீம் தன் கேப்சூல்களை இரட்டிப்பாக்கியதுபோல, மூன்றுமே வேண்டும். அப்போது 231×87இல் மட்டும் கோப்பு வைத்திருந்த குழுக்கள் ஓவியரைத் தேடி அலைய வேண்டியிருந்திருக்கும். சிறு திட்டம் முடிவானதும் இறுதி அளவைவிட இருமடங்கு பிக்சலில் தீட்டி, ஒவ்வொரு நாளின் முடிவிலும் 120×45க்குச் சுருக்கிப் பார்க்குமாறு ஓவியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.